இரண்டு கோடுகள்

கழிப்பறைக் கதவை முழுதாகச் சாத்த வேண்டாம் என்று அத்தை சொல்லியிருந்தார். 2015, ஆடி மாதம். தென்காசியில் ஒரு தனியார் பரிசோதனை நிலையம். வெளியே சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. என் கையில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதில் ஒட்டியிருந்த சீட்டில் என் பெயர், வயது 31, பிறகு க/பெ என்று போட்டு என் கணவரின் பெயர். கதவிடுக்கில் அத்தையின் சேலைக் கரை தெரிந்தது. "தண்ணி கிண்ணி கலந்துராத தாயி" என்றார். குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

நான் லித்தியம் சாப்பிடுகிறவள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சிறுநீர் கழிக்கிறவள். அன்று பத்து நிமிடம் உட்கார்ந்தும் ஒரு சொட்டு வரவில்லை.

நான் மாத்திரை போடுகிறேனா இல்லையா என்று வீட்டில் தினமும் கேட்டார்கள். போடுகிறேன் என்று நான் சொன்னதை நம்பவில்லை. அதனால் என் சிறுநீரிடம் கேட்க வந்திருந்தோம். அந்தச் சிறுநீர் என்ன சொன்னது, அது சொன்னதை யார் யார் எப்படிப் படித்தார்கள், அதில் எது தவறு என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று பல வருடமாக நினைத்திருந்தேன்.

நம் வீடுகளில் பெண்ணின் சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பது புதிய விஷயம் இல்லை. கல்யாணமான மூன்றாம் மாதமே மருந்துக்கடையில் அட்டை வாங்கிவந்துவிடுவார்கள். ஒரு கோடு என்றால் ஒன்றுமில்லை, இரண்டு கோடு என்றால் விசேஷம். எனக்கும் அப்படித்தான். 2009இல் கல்யாணம். 2010இல் இரண்டு கோடு. 2011 ஜூனில் மகள் பிறந்தாள்.

பிறந்த பதினெட்டாம் நாள் எனக்குத் தூக்கம் போயிற்று. முதலில் குழந்தை அழுவதால் என்று நினைத்தார்கள். குழந்தை தூங்கும்போதும் நான் தூங்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தேன். கணிதம் முதுகலை படித்தவள் என்பதால் என் உளறலும் எண்களாகத்தான் இருந்தது. சுவரெல்லாம் பென்சிலால் பகா எண்களை எழுதினேன். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிற்றாற்றுப் பக்கம் நடந்துபோயிருக்கிறேன். எனக்கு அது நினைவில் இல்லை. பின்னாலேயே ஓடிவந்து குழந்தையைப் பறித்தது அத்தைதான். அவருடைய பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து, ஆறு கிலோமீட்டர். புத்தி பேதலித்தவர்களைக் குற்றாலத்தில் குளிப்பாட்டினால் பித்தம் தணியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கோ வெளியூரிலிருந்தெல்லாம் அழைத்துவருகிறவர்கள் இருக்கும்போது, பக்கத்திலேயே இருக்கிற எங்களுக்கு என்ன தயக்கம்? ஒரு அறை வாடகைக்கு எடுத்துப் பதினோரு நாள் தங்கினோம். பேரருவியில் பெண்கள் பக்கம். காலையும் மாலையும் அம்மா ஒரு கையையும் சித்தி ஒரு கையையும் பிடித்துக்கொண்டு என் தலையைத் தண்ணீருக்குக் கீழே நிறுத்துவார்கள். பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி வருகிற தண்ணீர் மண்டையில் கல்லைப் போடுவது மாதிரி இறங்கும். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் விலகி இடம் கொடுத்தார்கள். பேறுகாலம் முடிந்து மூன்று வாரமே ஆன உடம்பு. மார்பில் பால் கட்டி வலித்தது. குழந்தை தென்காசியில் அத்தையிடம் பசும்பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தபோது நான் கல்லூரியில் முதலாமாண்டு. சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. விடுதியில் அந்தச் செய்தித்தாளைச் சுற்றி உட்கார்ந்து பேசினோம். அது வேறு யாருக்கோ நடப்பது என்றுதான் அன்று நினைத்தேன். குற்றாலத்து அறையில் என்னைச் சங்கிலியால் கட்டவில்லை, சித்தியின் நூல் சேலையால் கட்டினார்கள். அது வலிக்காது என்று சித்தி நம்பினார்.

பன்னிரண்டாம் நாள் என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி வந்து சண்டை போட்டுத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போனார். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சிதைவு என்றார்கள். பின்னால் அது இருதுருவ மனநிலைக் கோளாறு என்று பெயர் மாறியது. ஊசி, மாத்திரை. பத்து நாளில் தூங்கினேன். மருந்துதான் என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது. இதைப் படிக்கிறவர்களில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இருந்தால், என் கதையைக் காரணம் காட்டித் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

அப்போது கொடுத்த மாத்திரைகளில் ஒன்று ரிஸ்பெரிடோன். இன்னொன்று சோடியம் வால்புரோயேட். நான்கு மாதம் போனதும் எனக்கு மாதவிடாய் நின்றது. குழந்தைக்குப் பால் மறந்து பல மாதமாகியும் ரவிக்கை நனைந்தது. வீட்டில் மறுபடியும் அட்டை வாங்கிவந்தார்கள். ஒரு கோடு. மறுமாதம் இன்னொரு அட்டை. அதிலும் ஒரு கோடு. அத்தை பெருமூச்சு விட்டார். அடுத்தது பையனாக இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். மாதவிடாய் ஏன் நின்றது என்ற கேள்வி அந்த ஒற்றைக் கோட்டோடு முடிந்துபோனது.

ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற சுரப்பை ஏற்றும். அது ஏறினால் மாதவிடாய் நிற்கும், பால் சுரக்கும். ரத்தத்தில் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். மருந்தின் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வால்புரோயேட் இன்னும் பெரிய விஷயம். அதைச் சாப்பிடும்போது கருத்தரித்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். பத்தில் மூன்று, நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கல் வரலாம். பிரிட்டனில் 2018இலிருந்து, கருத்தடைக்கு உறுதியான ஏற்பாடு இல்லாமல் கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு இந்த மருந்தை எழுதக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். என் வீட்டிலோ, பேரனுக்காக அட்டை வாங்கிய அதே கை இரவில் எனக்கு வால்புரோயேட்டும் எடுத்துக் கொடுத்தது. பாவம், அந்தக் கைக்கும் ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் என் உடம்பு இப்படி ஆனது. 2012 கார்த்திகையில் மாத்திரையை நாக்குக்கடியில் வைத்து, புழக்கடையில் போய்த் துப்ப ஆரம்பித்தேன். மூன்று வாரம். மாதவிடாய் வருவதற்கு முன்னால் எண்கள் திரும்பி வந்துவிட்டன. மறுபடி மருத்துவமனை. எங்கள் வீட்டில் என் சொல்லுக்கு இருந்த மதிப்பு அன்றோடு போயிற்று. அதிலும் அவர்களை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் துப்பினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. துப்பினாள் என்பது மட்டும் ஊர் முழுக்கத் தெரிந்தது.

அந்தத் தடவை பார்த்த மருத்துவர் ஒரு பெண். அவர் கேட்டார். எல்லாவற்றையும் மாற்றினார். லித்தியம், குவெட்டியாபின், இரவில் தூக்கத்துக்கு குளோனசெபாம் அரை மில்லிகிராம். ஒரு சீட்டில் பரிசோதனைகளையும் எழுதினார்: லித்தியம் அளவு, கிரியாட்டினின், தைராய்டு. இரவு எட்டு மணிக்கு மாத்திரை போட்டால் காலை எட்டு மணிக்கு, அதாவது பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். அளவு 0.6இலிருந்து 1.0க்குள் இருந்தால் நல்லது. குறைந்தால் பலன் இல்லை. 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. கை நடுங்கும், வாந்தி பேதி வரும், நடை தள்ளாடும். லித்தியம் முழுக்க முழுக்கச் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகிறது. அதனால் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை போட்டாலோ ரத்தத்தில் அளவு ஏறிவிடும்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார். சிரிப்பு வந்தது. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். லித்தியம் தாகத்தையும் கூட்டும், சிறுநீரையும் கூட்டும். இடையில் இறங்க ஒரு பெண்ணுக்கு ஏது இடம்? மருத்துவரைப் பார்க்கப் போகிற நாளெல்லாம் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பேன். எந்த மருந்து தண்ணீர் குறைந்தால் நஞ்சாகுமோ அந்த மருந்துக்காகத்தான் தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்தேன். இதைச் சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வருகிற நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், வந்து இறங்கியதும் இங்கே கழிப்பறைக்குப் போய்விட்டு நிதானமாக வரலாம் என்றார்.

அந்த ரத்தப் பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொன்னார். இரண்டரை வருடத்தில் இரண்டு தடவைதான் செய்தோம். "சும்மா சும்மா என்ன ரத்தம் எடுக்கது? நல்லாத்தான இருக்க" என்பார் கணவர். தென்காசியில் லித்தியம் அளவை எடுத்து வெளியூருக்கு அனுப்பித்தான் பார்ப்பார்கள், பணமும் கூட. என்னிடம் காசு கிடையாது. கேட்டு வாங்க வேண்டும்.

காசு என் கையில் வர வேண்டும் என்றுதான் 2015இல் ஒரு டியூஷன் மையத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரக் கேட்டேன். மாலை இரண்டு மணி நேரம். வேண்டாம் என்றார் கணவர். ஏன் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறியது. "மாத்திரை போட்டியா?" என்றார்.

மனநோய்க்கு மருந்து சாப்பிடும் பெண்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரிந்திருக்கும். நாம் சிரித்தால், அழுதால், சேலை வாங்கினால், இட்லி வேண்டாம் தோசை வேண்டும் என்றால், கேள்வி இதுதான். என் கோபத்துக்கு டியூஷன் ஒரு காரணமாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போடாத மாத்திரைதான் காரணம். பதினைந்து நாள் நான் விடாமல் கேட்டேன். விடாமல் கேட்டதே நோய் திரும்பிவிட்டதற்கு அடையாளமாகிவிட்டது. உறவுக்காரர் ஒருவர், மருந்து சாப்பிட்டிருக்கிறாளா என்று மூத்திரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், அதற்குப் பரிசோதனை வந்துவிட்டது என்றார். லித்தியம் அளவு பார்க்க இல்லாத பணம் அதற்கு அன்று சாயங்காலமே கிடைத்தது.

முடிவை அத்தை கையில்தான் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு பட்டியல். பென்சோடயசெபைன்: இல்லை. முச்சுழல் மனச்சோர்வு மருந்து: உண்டு.

குளோனசெபாம் பென்சோடயசெபைன் வகை. அதை நான் இரவு தவறாமல் சாப்பிட்டேன். இல்லை என்று வந்தது. முச்சுழல் மருந்து எதையும் வாழ்நாளில் நான் தொட்டதில்லை. உண்டு என்று வந்தது. எழுதிக்கொடுத்ததைத் துப்புகிறாள், எழுதிக்கொடுக்காத எதையோ எங்கிருந்தோ வாங்கித் தின்கிறாள் என்று வீட்டில் படித்தார்கள். யார் வாங்கித் தருகிறார்கள் என்ற கேள்வி அதற்குப் பின்னாலேயே வந்தது. அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் எங்கள் அம்மா வீட்டில் பெரியவர்கள் கூடினார்கள். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைப் படித்தார். "இல்லன்னுதான போட்டுருக்கு. மெஷினு பொய் சொல்லுமாம்மா?" என்றார். இந்து திருமணச் சட்டத்தில் மனநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று கணவரின் பக்கத்தில் ஒருவர் சொன்னார். பிள்ளை எங்களிடம்தான் இருக்கும் என்றார். என் மகள் அப்போது அறைக்குள் கட்டிலுக்கடியில் பூனையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏட்டி, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு" என்றார். இத்தனை வருடத்தில் எனக்குப் பெரிய காயம் எது என்று கேட்டால், பேரருவித் தண்ணீரைச் சொல்ல மாட்டேன். இந்த வாக்கியத்தைத்தான் சொல்வேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுநாள் தனியாகத் திருநெல்வேலிக்குப் போனேன். மருத்துவர் பார்த்ததும், "இத யாரு எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் படம் போட்டு விளக்கினார்.

கர்ப்ப அட்டையைப் போலவே இதிலும் பட்டைதான். ஆனால் கணக்குத் தலைகீழ். கர்ப்ப அட்டையில் தேடுகிற பொருள் இருந்தால் இரண்டாவது கோடு விழும். மருந்துப் பட்டையில் தேடுகிற பொருள் இல்லாவிட்டால்தான் இரண்டாவது கோடு விழும். பட்டையில் அந்த மருந்து ஏற்கெனவே கொஞ்சம் ஒட்டப்பட்டிருக்கிறது. சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள் சிறுநீரோடு சேர்ந்து அதன்மேல் ஊர்ந்துபோகும். சிறுநீரில் மருந்து இருந்தால் எதிர்ப்பொருள் அதையே பிடித்துக்கொண்டு போய்விடும், கோடு விழாது. இல்லாவிட்டால் பட்டையில் ஒட்டியிருப்பதைப் பிடிக்கும், கோடு விழும்.

எதிர்ப்பொருளுக்கு மருந்தின் பெயர் தெரியாது, உருவம்தான் தெரியும் என்றார். பென்சோடயசெபைன் பட்டைகள் பெரும்பாலும் ஆக்சசெபாம் என்ற பொருளைப் பிடிக்கும்படி செய்யப்பட்டவை. டயசெபாம் போன்ற மருந்துகள் உடம்பில் உடைந்து அதுவாக மாறும். அதனால் அவை பட்டையில் சிக்கும். குளோனசெபாம் வேறு பொருளாக உடைகிறது. அந்தப் பொருளைப் பல பட்டைகள் கண்டுகொள்வதில்லை. லோரசெபாமும் அப்படித்தான், அடிக்கடி தப்பிவிடும். அதிலும் நான் சாப்பிட்டது அரை மில்லிகிராம். குவெட்டியாபினோ மூன்று வளையங்கள் சேர்ந்த உருவம் கொண்டது. முச்சுழல் மருந்து என்று பட்டை ஏமாந்துவிடும். எனக்கு முக்கியமான மருந்தான லித்தியத்தைத் தேட அந்தப் பட்டையில் இடமே கிடையாது. தாளின் அடியில் பொடி எழுத்தில், இது முதல்நிலைச் சோதனை மட்டுமே, வேறு முறையில் உறுதிசெய்ய வேண்டும் என்று அச்சடித்திருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த உறுதிசெய்யும் சோதனை மூலக்கூறின் எடையைப் பார்க்கும் பெரிய கருவியில் செய்வது. பெரியப்பா அந்த வரி வரைக்கும் படிக்கவில்லை.

மயக்கமாகக் கொண்டுவருகிறவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்று அவசரப் பிரிவில் பார்க்கவும், போதை மீட்பு சிகிச்சையிலும் இந்தப் பட்டை உதவும் என்று அவர் சொன்னார். அங்கேயும் ஒரு மருத்துவர் நோயாளியிடம் பேசி, அவர் சாப்பிடும் மருந்துகளை எல்லாம் கேட்டு, அதோடு சேர்த்துத்தான் முடிவைப் படிக்க வேண்டும்.

பிறகு நானே தேடிப் படித்தபோது, சிறுநீருக்கும் மனநோய்க்கும் உள்ள உறவு பழையது என்று தெரிந்தது. லித்தியம் மனநோய்க்கு மருந்தானதே சிறுநீர் வழியாகத்தான். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மனவெழுச்சி நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று நினைத்து அதைக் கினிப் பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். யூரிக் அமிலத்தைக் கரைப்பதற்காக லித்தியம் உப்பைச் சேர்த்தபோது அவை அமைதியாகிவிட்டன. 1949இல் அவருடைய கட்டுரை வெளியானது. அவருடைய முதல் நோயாளி தேறி வீட்டுக்குப் போனார். 1950இல் அதே லித்தியம் நஞ்சாகி இறந்துபோனார். அளவை ரத்தத்தில் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்ற பழக்கம் அப்போது இல்லை.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அமெரிக்க மருத்துவமனைகளில் வேறொரு சோதனை வந்தது. இரும்புக் குளோரைடும் இரண்டு அமிலங்களும் கலந்த திரவத்தை நோயாளியின் சிறுநீரில் சேர்ப்பார்கள். குளோர்புரோமசின் வகை மருந்து சாப்பிட்டிருந்தால் நிறம் இளஞ்சிவப்பு, ஊதா என்று மாறும். மாத்திரையோடு வைட்டமின் பி2ஐக் கலந்து கொடுத்து, சிறுநீரைப் புறஊதா விளக்கில் பார்த்து, மின்னுகிறதா என்று பார்க்கும் முறையும் இருந்தது. நோயாளிக்கு இது தெரியவே தெரியாது.

இவற்றைப் படித்தபோதுதான் என் வீட்டில் நடந்தது எனக்குப் புரிந்தது. மருந்து இவளை என்ன செய்கிறது என்று கேட்கும் சோதனைகள் இருக்கின்றன. லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு, புரோலாக்டின், வால்புரோயேட்டுக்கு முன் கர்ப்பப் பரிசோதனை, எல்லாம் அப்படி. இவள் மருந்தை என்ன செய்தாள் என்று கேட்கும் சோதனை வேறு. முதல் வகை என் உயிரைக் காப்பது. அதற்கு எங்கள் வீட்டில் நேரமோ பணமோ இருந்ததில்லை. இரண்டாவது என் கீழ்ப்படிதலை அளப்பது. அதற்கு ஆட்டோ பிடித்து, கதவருகே ஆள் நிறுத்தி, பணம் கட்டி அழைத்துப்போனார்கள்.

மருத்துவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பெரியப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரிம்மா" என்று மடித்துக் கொடுத்தார். அத்தை, "டாக்டரு ஒனக்குச் சாதகமாத்தான எழுதுவா" என்றார். விவாகரத்துப் பேச்சு அடங்கிவிட்டது. சட்டத்தைப் பற்றிச் சொன்னவருக்குத் தெரியாத ஒன்றை ஒரு வழக்கறிஞர் தோழி எனக்குச் சொன்னாள்: நோயின் பெயர் மட்டும் விவாகரத்துக்குப் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது தீவிரமாக இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த வருடம் ஐப்பசியில் நானும் மகளும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். கணவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானும் காத்திருக்கவில்லை.

2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது அதை வாங்கிவந்து கணக்குப் புத்தகம் மாதிரி அடிக்கோடிட்டுப் படித்தேன். 23ஆம் பிரிவு, என் சிகிச்சை பற்றிய விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. 25ஆம் பிரிவு, என் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை எனக்குத் தருகிறது. 95ஆம் பிரிவு, சங்கிலியால் கட்டுவதையும், சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை அறுவை செய்வதையும் தடைசெய்கிறது. 14ஆம் பிரிவின்படி, எனக்கு முடியாமல் போகும் காலத்தில் என் சார்பில் பேச யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டாலோ கைநாட்டு வைத்தாலோ போதும். கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நான் என் தங்கையை எழுதியிருக்கிறேன். எனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைக்க 5ஆம் பிரிவு இருக்கிறது. அதில் நான் எழுதியவற்றில் ஒன்று: எந்தப் பரிசோதனையானாலும் எதற்காக என்று முதலில் என்னிடம் சொல்ல வேண்டும்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. திருநெல்வேலிப் பயணம் மட்டும் எனக்கு மாறவில்லை. அந்த மருத்துவரை விட மனமில்லை. மகள் இப்போது பள்ளி மேல்வகுப்பில் இருக்கிறாள். போன சாரலில் ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில் கூட்டம் நெருக்கியது. அவள் என் கையைப் பிடித்தபோது ஒரு நொடி உடம்பு விறைத்துக்கொண்டது. பிடியைத் தளர்த்திவிட்டு, "ஒனக்கு வேண்டாம்னா வெளிய நில்லும்மா, நான் மட்டும் குளிச்சிட்டு வாரேன்" என்றாள். கொஞ்ச நேரம் படியில் நின்றேன். பிறகு நானாகவே போய்த் தலையைக் காட்டினேன்.

அன்று இரவு அவள், "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "ஏன் கேக்க?" என்றேன். "நாளைக்கு ரத்தம் குடுக்கணும்ல. எட்டு மணிக்குப் போட்டாத்தான் சரியா வரும்" என்றாள். மணி எட்டாக ஐந்து நிமிடம் இருந்தது.

காலையில் தனியாகத்தான் போனேன். ரத்தம் எடுத்துவிட்டு, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க ஒரு டப்பாவும் கொடுத்தார்கள். சீட்டில் என் பெயரும் என் கைபேசி எண்ணும் இருந்தன. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மாலையில் முடிவு வந்தது. லித்தியம் அளவு அப்புறம்தான் வரும். புரதம் இல்லை. கிரியாட்டினின் போன வருடத்தைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. இத்தனை வருட லித்தியத்தின் வேலையாக இருக்கலாம், மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்போம், தண்ணீரைக் குறைக்காதே என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறேன்.